நகம் பார்க்கும் கைகளுக்கு முழுப் பயிற்சி வேண்டும்: தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் அதிகாரிகளுக்கும், அழகுக்கலைப் பாடத்திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் குழுவினருக்கும் வணக்கம்.

திருச்சியில் சின்னதாக ஒரு நெயில் ஸ்டூடியோ நடத்துகிறேன். ஜெல் பாலிஷ், நகத்தைச் செயற்கையாக நீட்டும் எக்ஸ்டென்ஷன், பாதத்துக்கான பெடிக்யூர் எல்லாம் செய்கிறோம். வேலை கற்றுக்கொடுக்கவும் செய்கிறேன். என்னிடம் கற்றுக்கொள்ள வருகிற பெண்களில் பலர் ஏற்கெனவே எங்கோ ஒரு கோர்ஸ் முடித்து, சான்றிதழும் கையுமாக வருகிறவர்கள். அந்தச் சான்றிதழ்களையும், அதை வைத்திருப்பவர்களின் விரல்களையும் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முன்பெல்லாம் நகத்துக்கென்று தனிக் கடை வேண்டுமானால் சென்னையில் நுங்கம்பாக்கம், அண்ணா நகர் பக்கம்தான் தேட வேண்டும். இப்போது தில்லைநகரில் இருக்கிறது, கோவை ஆர்.எஸ்.புரத்தில் இருக்கிறது, தஞ்சாவூரிலும் நாமக்கல்லிலும் வந்துவிட்டது. மருதாணிச் சிவப்போடு மணமேடை ஏறியவர்கள் இப்போது முகூர்த்தப் புடவையின் கரைக்குப் பொருத்தமாக நகமும் போட்டுக்கொள்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. இந்த வேலையால் பிழைக்கிற குடும்பங்களில் என்னுடையதும் ஒன்று. ஆனால் கடைகள் பெருகிய வேகத்தில் படிப்பு பெருகவில்லை.

இன்று இந்தத் தொழிலுக்குள் பெரும்பாலான பெண்கள் எப்படி நுழைகிறார்கள் தெரியுமா? காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை ஐந்துக்கு முடிகிற ஒருநாள் வகுப்பு. வசதி இருந்தால் மூன்று நாள். கட்டணம் சில ஆயிரம் ரூபாய். டிப் ஒட்டுவது, வெட்டுவது, ஃபைல் போடுவது, ஜெல் பூசி அதை ஒளியால் இறுக வைக்கும் லேம்ப்பில் வைப்பது, மேலே கல் பதிப்பது, அவ்வளவுதான் பாடம். கடைசியில் சான்றிதழோடு ஒரு குரூப் போட்டோ. அடுத்த வாரம் அந்தப் பெண் டிரில் மெஷினோடு யாரோ ஒருவரின் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நகம் எங்கிருந்து வளர்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்றும் சொல்லவில்லை. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் நகையை அடகு வைத்துக்கூடக் காசு கட்டியிருப்பாள். கற்றுக்கொடுக்க வேண்டியதை விட்டுவிட்டுக் காகிதத்தை மட்டும் கொடுத்து அனுப்பியவர்கள் மேல்தான் என் வருத்தம்.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் கஸ்டமருக்கு என்ன ஆகும் என்றுதான் கேட்கிறார்கள். நான் முதலில் வேலை செய்கிறவளைப் பற்றிச் சொல்கிறேன். கஸ்டமர் மாதத்துக்கு ஒருமுறை, ஒன்றிரண்டு மணி நேரம் அந்த மேசைக்கு முன்னால் உட்காருகிறார். டெக்னீஷியன் தினமும் காலையிலிருந்து இரவு வரை அதே மேசையில், அதே தூசியிலும் அதே வாசனையிலும் இருக்கிறாள்.

என்னிடம் ஒரு பெண் வந்தாள். வயது இருபத்து மூன்று. வேறு ஊரில் ஒரு பார்லரில் இரண்டு வருடம் ஜெல் வேலை பார்த்தவள். கை வேலை அவ்வளவு நேர்த்தி. ஆனால் கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் நுனி முழுக்கத் தோல் உரிந்து, கோடு கோடாக வெடித்திருந்தது. "பாத்திரம் கழுவுற சோப்பு ஒத்துக்கலைன்னு நெனச்சேன்க்கா, சோப்பை மாத்தியும் போகலை" என்றாள். காலையில் எழுந்தால் கண் இமை வீங்கியிருக்குமாம். எப்படி வேலை செய்வாய், செய்து காட்டு என்றேன். ஜெல் நகத்தின் ஓரத்தில் வழிந்ததும் அதைத் தன் கட்டை விரலாலேயே துடைத்தாள். நாளெல்லாம், ஒவ்வொரு நகத்துக்கும் அப்படித்தான் துடைத்திருக்கிறாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அப்படித்தான் துடைத்தாராம். தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். முதுகில் பேட்ச் ஒட்டிச் சோதித்துவிட்டு, ஜெல்லில் இருக்கும் அக்ரிலேட் என்ற வேதிப்பொருளுக்கு ஒவ்வாமை என்றார். இனி அந்த வேலையே கூடாது என்றும் சொன்னார். அவள் இப்போது கல்யாண வீடுகளுக்குப் போய்ப் புடவை கட்டிவிடுகிறாள். நல்ல கலைஞர் ஒருத்தியை இந்தத் தொழில் இழந்துவிட்டது. வழிந்ததைக் கையால் தொடாதே, குச்சியால் எடு என்று முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் அவள் இன்னும் என் பக்கத்து மேசையில் இருந்திருப்பாள்.

ஜெல், அக்ரிலிக், பாலிஜெல் என்று பல பெயரில் விற்றாலும் எல்லாம் இந்த அக்ரிலேட் குடும்பம்தான். 1954-ல் அமெரிக்காவில் ஃபிரெடரிக் ஸ்லாக் என்ற பல் மருத்துவர், வேலையின்போது உடைந்துபோன தன் நகத்தை, பல் செட் செய்யும் அக்ரிலிக்கை வைத்துச் சரிசெய்தார். இன்றைய அக்ரிலிக் நகம் அதன் வழியில் வந்ததுதான். பல்லில் அடைக்கும் சிமென்ட்டிலும், மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையில் எலும்போடு ஒட்டவைக்கும் பொருளிலும், சர்க்கரை அளவைப் பார்க்க உடம்பில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரின் பசையிலும் இந்தக் குடும்பத்து வேதிப்பொருள்கள் உண்டு. இருபது வயதில் இந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க கூடவே இருக்கும். நாற்பது வயதில் பல் அடைக்கப் போனாலும், அறுபது வயதில் மூட்டு மாற்றப் போனாலும் அவள் மருத்துவரிடம் இதை முதலில் சொல்லியாக வேண்டும். ஒருநாள் வகுப்பில் இதைச் சொல்கிற ஒருவரையாவது நீங்கள் எனக்குக் காட்டினால் சந்தோஷப்படுவேன்.

2018-ல் பிரிட்டிஷ் தோல் மருத்துவர்கள் சங்கம் இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் தோல் ஒவ்வாமைச் சோதனை செய்துகொண்டவர்களில் 2.4 சதவீதம் பேருக்கு இந்தக் குடும்பத்து வேதிப்பொருள் ஏதாவது ஒன்றாவது ஒத்துக்கொள்ளவில்லை. ஹெமா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பொருள் அதில் முக்கியமானது. 2020-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விதி கொண்டுவந்தது. ஹெமா உள்ள நகப் பொருள்களைத் தொழில்முறையில் செய்கிறவர்கள் மட்டும்தான் பயன்படுத்த வேண்டும், ஒவ்வாமை வரலாம் என்று லேபிளிலேயே அச்சிட வேண்டும் என்றது. ஜெல்லை இறுக வைக்கும் டி.பி.ஓ. என்ற பொருளை அதே ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருள்களில் முழுக்கத் தடைசெய்துவிட்டது. நம் ஊரில் ஜெல் வாங்குகிற பெண்ணுக்கு, பாட்டிலைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும் என்பதே தெரியாது. படித்தாலும் எந்தப் பெயரைத் தேட வேண்டும் என்று தெரியாது. தொழில்முறையில் செய்கிறவர்களுக்கு மட்டும் என்று ஒரு பாட்டிலில் அச்சிட்டிருந்தால், வாங்குகிறவர் தொழிலைப் படித்தவர் என்ற நம்பிக்கையில்தான் அச்சிட்டிருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு இங்கே ஆதாரமே இல்லை.

அப்புறம் எம்.எம்.ஏ. என்கிற மெத்தில் மெத்தாக்ரிலேட் விவகாரம். அக்ரிலிக்குக்கான திரவத்தில் விலை குறைந்த ரகம் இது. 1970-களின் தொடக்கத்தில் நகம் சிதைந்தது, தோல் அழற்சி வந்தது என்று புகார்கள் வரவே, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் நீதிமன்றம் வரை போய் அந்தப் பொருள்களைச் சந்தையிலிருந்து எடுக்க வைத்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் இ.எம்.ஏ. என்கிற எத்தில் மெத்தாக்ரிலேட். எம்.எம்.ஏ. போட்ட நகம் கல் மாதிரி இறுகிவிடும். அசிட்டோனில் லேசில் கரையாது. எங்காவது இடித்துக்கொண்டால் சொந்த நகத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். மூக்கைத் துளைக்கிற வாசனையை வைத்தும், கழற்றும்போது கரைய மறுப்பதை வைத்தும் அனுபவசாலிகள் சந்தேகப்படுவார்கள். புதிதாக வருகிறவள் விலையை மட்டும்தான் பார்ப்பாள்.

லேம்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிக் கோளாறு அங்கேதான் இருக்கிறது. மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும் ஜெல் உள்ளே பச்சையாகவே இருக்கலாம். அப்படி இறுகாமல் மிஞ்சுகிற வேதிப்பொருள்தான் தோலில் பட்டு ஒவ்வாமையைக் கிளப்புகிறது. ஒவ்வொரு ஜெல்லும் குறிப்பிட்ட அலைநீள ஒளியில் இறுகும்படி செய்யப்படுகிறது. பொதுவாக 365-லிருந்து 405 நானோமீட்டர் வரை. ஒரு கம்பெனி ஜெல்லை வேறொரு கம்பெனி லேம்ப்பில் வைத்தால் முழுதாக இறுகும் என்று உறுதி கிடையாது. அட்டைப் பெட்டியில் எத்தனை வாட் என்று போட்டிருந்தாலும் அது பதில் ஆகாது. தடிமனாக ஒரே கோட் போட்டாலும் ஒளி அடிவரை போகாது. மெல்லியதாக இரண்டு மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய நேரம், கட்டை விரலைத் தனியாக வைப்பது, இதெல்லாம் கைப்பழக்கமாக வருவதற்கு ஒருநாள் எப்படிப் போதும்? சாதாரண மெல்லிய கையுறையைக்கூட இந்த வேதிப்பொருள் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். நைட்ரைல் கையுறை போட்டாலும் ஜெல் பட்டவுடன் கழற்றி மாற்ற வேண்டும். நம் கடைகளோ கண்ணாடிக் கதவை இறுக்கி மூடி, ஸ்பிளிட் ஏசி போட்டு வைத்திருப்பவை. ஏசி அதே காற்றைத்தான் சுற்றி விடும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. ஃபைல் போடும் இடத்திலேயே தூசியை உறிஞ்சும் சிறு மெஷின் இருக்க வேண்டும். கொரோனா காலத்து நீல நிற மாஸ்க் இந்தப் பொடித் தூசியைச் சரியாகத் தடுக்காது. மேசையிலேயே வைத்துச் சாப்பிடக் கூடாது. இவையெல்லாம் பெரிய செலவு இல்லை. சொல்லித் தருவதற்குத்தான் ஆள் இல்லை.

நகத்தைப் போடுவதைவிடக் கழற்றுவதில்தான் பயிற்சியின் அருமை தெரியும். முறை இதுதான்: மேல் கோட்டை மட்டும் லேசாக ஃபைல் போட்டு, பஞ்சில் அசிட்டோன் நனைத்து நகத்தின் மேல் வைத்து, அலுமினியத் தாளால் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். பிறகு தானாக மெத்தென்று எழும்பி வருவதை மட்டும் குச்சியால் ஒதுக்க வேண்டும். வராவிட்டால் மறுபடியும் சுற்ற வேண்டும். அடுத்த கஸ்டமர் காத்திருக்கிறார் என்று டிரில்லை அழுத்துகிறார்கள், இல்லை என்றால் நெம்பி எடுக்கிறார்கள். நகத்தின் மேல் அடுக்குகளும் கூடவே வந்துவிடுகின்றன. கழற்றிய பிறகு நகத்தின் குறுக்கே வளையமாகச் சிவந்த பள்ளம் தெரிந்தால் அது டிரில் பிட்டின் கோணம் தவறியதால் வந்தது. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். அடியில் விழுந்த பள்ளம் வளர்ந்து நுனிக்கு வந்து வெட்டி எறிய ஆறு மாதம் ஆகும். கால் பெருவிரலுக்கு ஒரு வருடத்துக்கும் மேல். "ஜெல் போட்டா நகம் கெட்டுப்போகும்" என்று ஊரில் சொல்கிறார்களே, பல நேரம் கெடுத்தது அவசரமாகக் கழற்றிய கைதான்.

ஓரத் தோலையும் அப்படித்தான் வெட்டித் தள்ளுகிறார்கள். நகத்தின் மேல் ஒட்டியிருக்கும் செத்த சவ்வை ஒதுக்கலாம். அதற்கு மேலே இருக்கிற உயிருள்ள தோல் மடிப்பை வெட்டவே கூடாது. கிருமி வேருக்குள் போகாமல் காப்பது அதுதான். வெட்டினால் வருவது நகச்சுத்தி. அதற்கு எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு வலியோடு உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் இரண்டு நாள் முன்பு பார்லருக்குப் போய்வந்தவர்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

இனி கால். இதை நிதானமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. பெடிக்யூர் செய்துகொள்ள வருகிற நடுத்தர வயதினரில் சுகர் உள்ளவர்கள் நிச்சயம் இருப்பார்கள். பல வருடமாகச் சுகர் இருப்பவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். தண்ணீர் கொதிக்கிறதா என்று அவர் கால் அவருக்குச் சொல்லாது. பிளேடு வைத்துக் குதிகால் தோலைச் சீவும்போது ஆழமாகப் போய்விட்டாலும் வலிக்காது. ரத்தத்தைப் பார்த்துத்தான் இருவருக்கும் தெரியும். அந்தச் சின்னக் காயம் ஆறாமல் போய், விரலையே எடுக்க வேண்டி வந்த கதைகள் நம் ஊர் சர்க்கரை மருத்துவர்களிடம் ஏராளம். காலை டப்பில் வைப்பதற்கு முன் "சுகர் இருக்காம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். தண்ணீரை வேலை செய்கிறவள் தன் மணிக்கட்டால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுகர் உள்ளவருக்கு அதிக நேரம் ஊற வைக்கக் கூடாது, பிளேடைக் கையில் எடுக்கவே கூடாது, நகத்தை ஓரத்தில் வளைத்து ஆழமாக வெட்டக் கூடாது. காலில் புண் இருந்தால் அன்றைக்கு வேலையே கிடையாது, மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அனுப்ப வேண்டும். வருமானம் போனாலும் பரவாயில்லை என்று மறுக்கிற தைரியம், ஏன் மறுக்கிறோம் என்று தெரிந்தவளுக்குத்தான் வரும்.

தொட்டியைச் சுத்தம் செய்வதும் பாடம்தான். 2000-ல் கலிஃபோர்னியாவின் வாட்சன்வில் என்ற ஊரில் ஒரே ஒரு நெயில் சலூனில் பெடிக்யூர் செய்துகொண்ட 110 பேருக்குக் காலில் கட்டி கட்டியாகக் கிளம்பியது. ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆனது, சிலருக்குத் தழும்பே மிஞ்சியது. காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒரு கிருமி அது. எங்கே இருந்தது தெரியுமா? தண்ணீரைச் சுழற்றும் கால் தொட்டியில், தண்ணீர் உள்ளே போகிற சல்லடைக்குப் பின்னால். அங்கே தோலும் முடியுமாகச் சேர்ந்து கிடந்தது. அதைக் கழற்றிக் கழுவும் வழக்கமே அங்கே இருக்கவில்லை. வீட்டில் காலைச் சவரம் செய்துகொண்டு வந்தவர்களுக்குப் பாதிப்பு அதிகம் என்பதும் பிறகு தெரிந்தது. அதற்கப்புறம் கலிஃபோர்னியா, ஒவ்வொரு கஸ்டமருக்கும் பின் தொட்டியை எப்படிக் கழுவ வேண்டும், அதை எப்படிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதியே போட்டது. நம் சின்னக் கடைகளில் இருக்கும் பிளாஸ்டிக் டப் இந்த விஷயத்தில் நல்லது, கழுவுவது சுலபம். மால்களில் வரிசையாகப் போட்டிருக்கிற, தண்ணீர் பீய்ச்சும் நாற்காலிகளைத்தான் கவனிக்க வேண்டும்.

கருவிகளுக்கும் இதே கதிதான். கட்டர், புஷர், நிப்பர் எல்லாவற்றையும் நீல விளக்கு எரிகிற ஒரு பெட்டியில் வைத்துவிட்டு 'ஸ்டெரிலைஸ்' ஆகிவிட்டது என்கிறார்கள். அந்தப் பெட்டி சுத்தமான கருவியை எடுத்துவைக்கத்தான் உதவும். அசிட்டோனில் துடைத்தாலும் கிருமி நீக்கம் ஆகாது. ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும், கண்ணுக்குத் தெரியாத துளி ரத்தம் போதும். முதலில் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்கு இருந்தால் எந்தக் கிருமிநாசினியும் சரியாக வேலை செய்யாது. பிறகு ஆட்டோகிளேவ், அதாவது நீராவி அழுத்தத்தில் கிருமியைக் கொல்லும் பாத்திரம்: 121 டிகிரி செல்சியஸ், 15 பவுண்டு அழுத்தம், குறைந்தது கால் மணி நேரம். நம் சமையலறை குக்கர் வேலை செய்கிற அதே முறைதான், அதனால் இதை எந்தப் பெண்ணுக்கும் ஐந்து நிமிடத்தில் புரியவைத்துவிடலாம். மர ஃபைலையும் பஃபரையும் இப்படிச் சுத்தம் செய்ய முடியாது, ஒரு கஸ்டமரோடு அதன் வேலை முடிந்தது. டெக்னீஷியன்களுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியைப் பயிற்சியின்போதே போட்டுவிட்டால் அவர்களுக்கும் பாதுகாப்பு.

நாங்கள் மருத்துவர்கள் இல்லை. ஆனால் ஒருவருடைய பத்து விரலையும் இவ்வளவு நெருக்கத்தில், இத்தனை நேரம் பார்க்கிற வேலை வேறு யாருக்கு இருக்கிறது? எக்ஸ்டென்ஷனுக்கு அடியில் நகம் பச்சையாக மாறியிருந்தால் ஈரம் புகுந்து பாக்டீரியா வளர்ந்திருக்கிறது என்று பொருள். அதன் மேலேயே அடர் நிறம் அடித்து மறைத்து அனுப்புவதை நான் பார்த்திருக்கிறேன். நகம் கரண்டி போல் குழிந்திருந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். நம் மாநிலத்தில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. ஒரே ஒரு நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு வந்து அகலமாகிக்கொண்டே போனால், நம் நிறத்தவர்களுக்கு அது பெரும்பாலும் சாதாரணமானதுதான் என்றாலும், அபூர்வமாகப் புற்றுநோயாகவும் இருக்கலாம். ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்று பயமுறுத்தாமல் சொல்லத் தெரிய வேண்டும். நோய்க்குப் பெயர் சொல்லக் கூடாது, பார்த்ததைச் சொல்லாமலும் விடக் கூடாது. இதற்கும் பயிற்சி வேண்டும்.

சரி, அரசு எதுவுமே செய்யவில்லையா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். ஐ.டி.ஐ.களில் ஒரு வருட காஸ்மெட்டாலஜி படிப்பு இருக்கிறது. வங்கிகள் நடத்தும் கிராமிய சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் சுமார் ஒரு மாத பார்லர் பயிற்சி, சாப்பாடும் தங்குமிடமுமாக இலவசமாகவே கிடைக்கிறது. தேசிய அளவில் அழகு மற்றும் நலத்துறைக்கான திறன் கவுன்சில் மெனிக்யூர், பெடிக்யூர் வேலைக்கான தகுதித் தரத்தையும் வகுத்திருக்கிறது. இவை எல்லாம் நல்ல முயற்சிகள். ஆனால் த்ரெட்டிங், ஃபேஷியல், முடி, மணப்பெண் அலங்காரம் என்று எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்த பிறகு நகத்துக்கு மிஞ்சும் நேரம் சொற்பம். பழைய மெனிக்யூரும் இன்றைய ஜெல் வேலையும் ஒன்றல்ல. வேதிப்பொருள், ஒளி, சுழலும் மெஷின் மூன்றும் சேர்ந்த வேலை இது. மாநகராட்சியில் கடைக்குத் தொழில் உரிமம் வாங்கும்போதும் உள்ளே வேலை செய்கிறவர் என்ன படித்தார் என்று யாரும் கேட்பதில்லை.

வெளியூர்க் கணக்கு ஒன்று சொல்கிறேன். நகம் மட்டும் பார்க்கும் உரிமத்துக்கு நியூயார்க்கில் 250 மணி நேரம், கலிஃபோர்னியாவில் 400 மணி நேரம் படித்துத் தேர்வு எழுத வேண்டும். 1975-ல் வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்து கலிஃபோர்னியாவில் ஒரு முகாமில் இருந்த இருபது பெண்களுக்கு, டிப்பி ஹெட்ரன் என்ற நடிகை தன் நக அலங்காரப் பெண்ணையே வரவழைத்து வேலை கற்றுக்கொடுக்க வைத்தார். அதோடு நிறுத்தவில்லை. பக்கத்தில் ஒரு அழகுக்கலைப் பள்ளியில் முறையாகப் படித்து உரிமம் வாங்கவும் வழி செய்தார். இன்று அமெரிக்காவில் நகம் பார்ப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வியட்நாமிய வம்சாவளியினர். கலிஃபோர்னியாவில் தேர்வை வியட்நாமிய மொழியிலேயே எழுதலாம். மொழி தெரியாத ஊரில் கையில் ஒரு உரிமத்தோடு நின்றதால்தான் அந்தப் பெண்களால் வேலைக்குப் போகவும், அடுத்தவளுக்குக் கற்றுக்கொடுக்கவும், சொந்தக் கடை போடவும் முடிந்தது. அங்கேயும் குறைந்த கூலி, நச்சு வாசனை என்று போராட்டங்கள் உண்டு. கலிஃபோர்னியாவில் அந்தத் தொழிலாளர்களும் ஆதரவு அமைப்புகளும் குரல் கொடுத்ததால்தான், பாதுகாப்பான பொருளும் நல்ல காற்றோட்டமும் உள்ள கடைகளை அரசே அங்கீகரிக்கும் திட்டம் வந்தது.

நான் கேட்பது இதுதான். நக வேலையைத் தனிப் படிப்பாக்குங்கள். நாளுக்கு நான்கு மணி நேரம் வீதம் மூன்று மாதம் வைத்தால் கிட்டத்தட்ட 300 மணி நேரம் வரும். அரை நாள் வகுப்பாக இருந்தால் மீதி அரை நாள் வேறு வேலை பார்த்துக் குடும்பத்தை ஓட்டலாம். பாடப் புத்தகம் தமிழில் இருக்கட்டும். மூலப்பொருள்களின் பெயரை மட்டும் லேபிளில் வருகிறபடி ஆங்கில எழுத்தில் அடையாளம் காணப் பழக்குங்கள், ஏனென்றால் பாட்டிலில் அப்படித்தான் இருக்கும். மணிப்பூரிலிருந்தும் மிசோரத்திலிருந்தும் வந்து சென்னை சலூன்களில் வேலை பார்க்கும் பெண்களுக்குப் புரிகிற மொழியிலும் வகுப்பு இருக்க வேண்டும். தேர்வில் அழகான டிசைனுக்கு மார்க் குறைவாகவும், சேதம் இல்லாமல் கழற்றிக் காட்டுவதற்கும், கருவி சுத்தம் செய்து காட்டுவதற்கும், எந்தக் கஸ்டமருக்கு வேலை செய்ய மாட்டேன் என்று விளக்குவதற்கும் அதிகமாகவும் வையுங்கள். தோல் மருத்துவர் ஒருவரும் சர்க்கரை மருத்துவர் ஒருவரும் வந்து பாடம் எடுக்கட்டும்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களைத் தகுதி இல்லை என்று வீட்டுக்கு அனுப்பும்படி நான் ஒருபோதும் கேட்க மாட்டேன். பலர் கைவேலையில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். முன்கற்றல் அங்கீகாரம் என்ற முறை உங்களிடமே இருக்கிறது. அவர்களுக்கு விட்டுப்போன பாதுகாப்புப் பாடத்தை மட்டும் கொடுத்துச் சோதித்துச் சான்றிதழ் தரலாம். அதற்கு ஆடி மாதம் நல்ல சமயம். முகூர்த்தம் இல்லை, கடைகளில் கூட்டம் குறைவு, முதலாளிகளும் ஆளை அனுப்ப யோசிக்க மாட்டார்கள். ஆவணி பிறந்துவிட்டால் யாருக்கும் மூச்சு விட நேரம் இருக்காது.

உரிமம் கட்டாயம் என்று எடுத்த எடுப்பில் சட்டம் போடச் சொல்கிறேனா? இல்லை. படிக்க இடமே இல்லாத நிலையில் உரிமத்தைக் கட்டாயமாக்கினால், அது ஏழைப் பெண்ணிடம் காசு பறிக்க இன்னொரு வாசலாகிவிடும். முதலில் மாவட்டத்துக்கு ஒரு நல்ல பயிற்சி மையம் வரட்டும். படித்தவர்கள் கொஞ்சம் பேர் சேரட்டும். அப்புறம் கடை உரிமத்தோடு இணைப்பதைப் பற்றிப் பேசலாம். ஆனால் ஒருநாள் வகுப்பு நடத்திவிட்டு, அரசு முத்திரை மாதிரி ஒன்றை அச்சிட்டு 'சர்டிஃபைட் நெயில் டெக்னீஷியன்' என்று கொடுப்பதை மட்டும் இப்போதே நிறுத்த முடியும். பயிற்சி நேரம் எத்தனை என்று ஒவ்வொரு சான்றிதழிலும் அச்சிட வேண்டும் என்று உத்தரவிட்டாலே போதும், கஸ்டமரும் முதலாளியும் பார்த்துக்கொள்வார்கள்.

வருமானத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முறையாகப் படித்தவளிடம் நகம் போட்டுக்கொண்டவர் திரும்பி வருகிறார், தங்கையையும் கூட்டி வருகிறார். திரும்பி வருகிற கஸ்டமர் இருந்தால் விலையைக் குறைத்துப் பக்கத்துக் கடையோடு போட்டி போட வேண்டியதில்லை.

பாடத்திட்டக் குழுவில் தொழில் செய்கிறவர்களுக்கும் இடம் கொடுங்கள். திருச்சி, தஞ்சாவூர், கரூர் பக்கத்திலிருந்து வரத் தயாராக இருக்கும் டெக்னீஷியன்களை நான் அறிவேன். நாங்கள் பயன்படுத்தும் ஜெல், லேம்ப், டிரில் எல்லாவற்றையும் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைத்து, கழற்றுவதிலிருந்து கழுவுவது வரை செய்து காட்டுகிறோம். ஒவ்வாமை வந்து வேலையை விட்ட பெண்களில் பேச முன்வருகிறவர்களையும் அழைத்து வருகிறேன். அடுத்த ஆடிக்குள் முதல் வகுப்பைத் தொடங்க முடியுமானால் அதற்கான மாதிரிப் பாடக் குறிப்புகளைத் தமிழில் எழுதித் தரும் பொறுப்பை நானே ஏற்கிறேன்.

இப்படிக்கு,
நெயில் டெக்னீஷியன், பயிற்றுநர்
திருச்சிராப்பள்ளி